பழுதான லோரியைத் தேடிப் போனவர்

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்ததும் நம்மில் பலருடைய கண் போவது விலை குறைந்த சிறிய கார்களின் பக்கம்தான். அவற்றுள் ஒன்றான பெரோடுவா ஆக்சியாவின் பெயர் 2023 ஏப்ரலில் செய்திகளில் அடிபட்டது. பக்கவாட்டு மோதல் சோதனைக்கு அனுப்பிய சில கார்களின் முன்கதவு உட்பக்கத்தில், விற்பனைக்கு வரும் கார்களில் இல்லாத ஒரு வெட்டைப் போட்டிருந்ததாக ஜப்பானின் டைஹாட்சு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தப் பட்டியலில் ஆக்சியாவும் இருந்தது. புதிய கார்களை மிகக் குறுகிய காலத்தில் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியே காரணம் என்று அந்த ஆண்டு இறுதியில் விசாரணைக் குழு கூறியது.

டைஹாட்சு 2016 முதல் முழுக்க டொயோட்டாவுக்குச் சொந்தம். டொயோட்டாவைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடாவும் அவசரத்தில் செய்த ஒரு வாகனத்தை விற்றவர்தான். ஆனால், விற்ற பிறகு அவர் நடந்துகொண்ட விதம் வேறு.

கீச்சிரோ 1894இல் பிறந்தார். தந்தை சக்கிச்சி, தச்சர் குடும்பத்திலிருந்து வந்து தறிகளைக் கண்டுபிடித்தவர். பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தானாகவே நின்றுவிடும் தறி அவர்களுடையது. குறையுள்ள துணி மேலும் நெய்யப்படாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. தோக்கியோவில் இயந்திரப் பொறியியல் படித்த மகன், தந்தையின் 1924ஆம் ஆண்டுத் தானியங்கித் தறியில் சேர்ந்து உழைத்தார். அதன் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டு தந்தை காலமானார்.

அப்போது ஜப்பானியச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க வாகனங்கள். ஃபோர்டு யோக்கோஹாமாவிலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாகாவிலும் அவற்றைப் பொருத்தி விற்றன. தறி ஆலைக்குள்ளேயே 1933இல் ஒரு கார் பிரிவைத் தொடங்கிய கீச்சிரோ, ஒரு செவ்ரோலே காரை வாங்கிப் பிரித்துப் போட்டுப் படித்தார். தறி உடலை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு எஞ்சின் உடல் எளிதில் வரவில்லை. நூற்றுக்கணக்கில் வார்த்து வீணாக்கிய பிறகே சரியானது கிடைத்தது.

அவர் மனத்தில் இருந்தது சாதாரண மக்களுக்கான கார். அரசாங்கமும் இராணுவமும் கேட்டதோ லோரி. உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு மட்டும் உரிமம் தரும் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஜி1 என்ற லோரியைச் சில மாதங்களிலேயே செய்து முடித்தார்கள். 1935 நவம்பரில் தோக்கியோவில் அறிமுக விழா. அதற்காகக் கரியா நகரிலிருந்து ஓட்டிச் சென்ற லோரியே வழியில் ஸ்டியரிங் பாகம் உடைந்து நின்றது!

விற்பனை தொடங்கிய பிறகும் கதை மாறவில்லை. அமெரிக்க லோரிகளைவிட மலிவாகக் கொடுத்ததால் வாங்கினார்கள். வாங்கியது அடிக்கடி நடுவழியில் நின்றது. கீச்சிரோவின் குழு இதை எதிர்பார்த்தே முதல் லோரிகளைத் தங்கள் ஆலைக்குப் பக்கமான நகோயா வட்டாரத்தில் மட்டும் விற்றது. எங்கே நின்றாலும் ஆள் அனுப்பிச் சரிசெய்தார்கள். ஆள் மட்டுமல்ல, முதலாளியே போனார். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்து, அடுத்த லோரியில் அந்தப் பாகத்தை மாற்றினார்கள்.

வாகனத்தைத் திரும்பப் பெறும் முறையெல்லாம் அன்று இல்லை. ஜப்பானில் அது வந்ததே 1969இல்தான். இன்று அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் உடனே “அந்தக் கார் மோசம்” என்று ஒதுக்கிவிடுகிறோம். என் பார்வையில், குறையை நிறுவனமே முன்வந்து சொல்லும் அறிவிப்பைவிட, சொல்லாமல் போடப்பட்ட அந்தக் கதவு வெட்டுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

குடும்பப் பெயரான டொயோடா, 1936இல் வாகனங்களுக்கு டொயோட்டா ஆனது. ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளில் எழுதலாம், எட்டு ராசியான எண் என்பது ஒரு காரணம். (தமிழில் நாம் ஒரு ‘ட்’ கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது.) மறு ஆண்டு தனி நிறுவனம் பிறந்தது. 1938இல் கொரோமோவில் திறந்த ஆலையில், தேவையான பாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டுமே வர வேண்டும் என்ற முறையைக் கீச்சிரோ கொண்டுவந்தார். ஒரு பாகத்தில் குறை இருந்தால் அது குவியலுக்குள் மறைந்துகிடக்க முடியாது.

போருக்குப் பிறகு பணமுடை கடுமையானது. யாரையும் வேலையிலிருந்து அனுப்புவதில்லை என்று உறுதியாக இருந்தவரால் 1950இல் அதைக் காப்பாற்ற முடியவில்லை. நீண்ட வேலைநிறுத்தத்திற்குப் பிறகு ஏராளமானோர் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அதற்குப் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியை அவரும் துறந்தார். அதே மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க இராணுவம் லோரிகளுக்குக் குவித்த ஆர்டர்களால் நிறுவனம் பிழைத்தது. சில வாரங்கள் முன்னதாக வந்திருந்தால் அவர் போயிருக்க வேண்டியதில்லை.

2010இல், லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்ல நின்றவர் கீச்சிரோவின் பேரன் அக்கியோ. ஆட்களைப் பழக்கும் வேகத்தை மிஞ்சி நிறுவனம் வளர்ந்துவிட்டதை அவர் அங்கே ஒப்புக்கொண்டார்.

தாத்தாவோ மீண்டும் தலைவராகத் திரும்பி வர இருந்த நிலையில், 1952 மார்ச் 27ஆம் தேதி, 57 வயதில் காலமானார். டொயோட்டா சொந்தத் தொழில்நுட்பத்தில் உருவாக்கிய கிரவுன் கார் வெளிவந்தது 1955இல்.