கார்ல் டெர்சாகி

கார்ல் வான் டெர்சாகி (அக்டோபர் 2, 1883 - அக்டோபர் 25, 1963) ஓர் ஆஸ்திரியப் பொறியியலாளரும் நிலவியலாளரும் ஆவார். இவர் மண் விசையியலின் தந்தை எனக் கருதப்படுகிறார். களிமண் நிலத்தில் எழுப்பப்படும் கட்டடங்கள் ஏன் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கீழிறங்குகின்றன என்பதற்குக் கணித முறையில் விளக்கம் தந்தவர் இவரே.

வாழ்க்கை

டெர்சாகி அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசில் இருந்த பிராக் நகரில் பிறந்தார். கிராஸ் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்று 1904 இல் பட்டம் பெற்றார். 1912 இல் அமெரிக்கா சென்று அணைக்கட்டுப் பணிகளைப் பார்வையிட்டார். 1916 இல் இஸ்தான்புல் சென்று அங்குள்ள பொறியியல் கல்லூரியிலும், முதல் உலகப் போருக்குப் பின் ராபர்ட் கல்லூரியிலும் கற்பித்தார். எளிய கருவிகளைக் கொண்டு அங்கு அவர் செய்த ஆய்வுகளின் பயனாக 1925 இல் மண் விசையியல் பற்றிய அவரது முதல் நூல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

1925 முதல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார். அக்கழகத்தின் வளாகம் சார்லஸ் ஆற்றங்கரையில் மண் நிரப்பி உருவாக்கப்பட்ட நிலத்தில் அமைந்ததாகும். 1929 இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1938 இல் அமெரிக்காவில் குடியேறி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

கோட்பாடுகள்

மண்ணில் ஏற்படும் மொத்தத் தகைவிலிருந்து துளைநீரின் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது விளைவுறு தகைவு ஆகும். மண்ணின் வலிமையும் சுருக்கமும் இதனையே சார்ந்துள்ளன. நீர் நிறைந்த களிமண்ணின் மீது கட்டடம் எழும்போது அதன் பாரத்தை முதலில் நீரே ஏற்கிறது. நீர் மெல்ல வெளியேற வெளியேற, பாரம் மண்துகள்களுக்கு மாறுகிறது, கட்டடமும் கீழிறங்குகிறது. களிமண் படலத்தின் தடிப்பு இரு மடங்கானால் இதற்கு ஆகும் காலம் நான்கு மடங்காகும். மாணவர் விடுதி போன்ற பல மாடிக் கட்டடங்களுக்கு அடித்தளம் அமைக்குமுன், மண் மாதிரிகளை எடுத்துச் சோதித்துக் கீழிறக்கத்தைக் கணிக்கும் வழக்கம் இக்கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது.

சர்ச்சை

1936 இல் வியன்னாவின் சக பேராசிரியர் பவுல் ஃபில்லுங்கர் இக்கோட்பாட்டைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பல்கலைக்கழகம் அமைத்த குழு டெர்சாகிக்குச் சார்பாக முடிவு கண்டது. 1937 மார்ச்சில் ஃபில்லுங்கரும் அவரது மனைவியும் தற்கொலை செய்துகொண்டனர். நுண்துளைப் பொருள்கள் பற்றிய ஃபில்லுங்கரின் ஆய்வுகளின் மதிப்பு பிற்காலத்தில் உணரப்பட்டது.

சிறப்புகள்

மண் விசையியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் தலைவராக 1936 முதல் 1957 வரை இருந்தார். ரால்ஃப் பெக்குடன் இணைந்து எழுதிய பாடநூல் 1948 இல் வெளியானது. அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கத்தின் நார்மன் பதக்கத்தை நான்கு முறை பெற்றார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் பணியாற்றிய மிஷன் அணைக்கு 1965 இல் டெர்சாகி அணை எனப் பெயரிடப்பட்டது.