ஒரே அறையில் 12 பேர்: நியூயார்க்கின் இருட்டை ஊருக்குக் காட்டிய ஜேக்கப் ரீஸ் யார்?

மன்ஹாட்டனின் பேயார்ட் தெரு. நேரம் நள்ளிரவு. 13 அடி நீள அகலம்கூட இல்லாத ஓர் அறையில் ஆணும் பெண்ணுமாக 12 பேர் தூங்குகிறார்கள். ஒரு ராத்திரி படுக்க ஆளுக்கு 5 சென்ட் வாடகை. திடீரென்று கண்ணைக் கூசும் வெளிச்சம். தூக்கம் கலைந்து என்ன ஏது என்று புரிவதற்குள் போட்டோ எடுத்தாகிவிட்டது.

1880-களின் கடைசியில் எடுக்கப்பட்ட அந்தப் படமும் அதைப் போன்ற பல படங்களும் சேர்ந்து ஒரு நகரத்தின் வீட்டுச் சட்டங்களையே மாற்ற உதவின. எடுத்தவர் ஜேக்கப் ரீஸ். தொழில்முறை போட்டோகிராபர் இல்லை, கிரைம் ரிப்போர்ட்டர்.

காதல் தோல்வியும் கப்பல் பயணமும்

ரீஸ் அமெரிக்கரும் இல்லை. 1849-ல் டென்மார்க்கின் ரீபே என்ற சிறு ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டில் 15 பிள்ளைகள். பையன் படிப்பை விட்டுவிட்டு தச்சு வேலை கற்றுக்கொண்டார். உள்ளூர் ஆலை முதலாளி வீட்டுப் பெண்ணான எலிசபெத் மீது காதல். அவர் மறுத்துவிட, 1870-ல் தன் 21-வது வயதில் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். கையில் இருந்தது நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த 40 டாலர்.

அடுத்த சில வருடங்கள் நாய்படாத பாடு. தச்சு வேலை, சுரங்க வேலை, செங்கல் சூளை, பண்ணைக் கூலி என்று கிடைத்ததை எல்லாம் செய்தார். வேலை இல்லாத நாட்களில் தெருவில் தூங்கினார்.

ஒரு மழை ராத்திரி, வேறு வழியில்லாமல் சர்ச் தெரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வீடில்லாதவர்கள் வெறும் பலகையில் படுத்துத் தூங்க அப்போது போலீஸ் ஸ்டேஷன்களில் இடம் உண்டு. காலையில் பார்த்தால், கழுத்தில் போட்டிருந்த தங்க லாக்கெட்டைக் காணோம். எலிசபெத்தின் நினைவாக வைத்திருந்த பொருள் அது. புகார் சொன்னவரையே போலீஸ் விரட்டியடித்தது. வாசலில் இரவு முழுக்கக் காத்திருந்த தெருநாய் அவருக்காகக் குரைத்துப் பாய, ஒரு போலீஸ்காரர் அதைப் படிக்கட்டில் அடித்தே கொன்றார். ரீஸ் கடைசிவரை மறக்காத காலை அது.

பிறகு மெல்ல பத்திரிகை வேலை கிடைத்தது. எலிசபெத்தும் மனம் மாறினார், 1876-ல் கல்யாணம். 1877-ல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையின் போலீஸ் நிருபரானார். ஆபீஸ், போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே மல்பெரி தெருவில். நகரத்தின் மிக மோசமான குடியிருப்பான மல்பெரி பென்ட் பக்கத்திலேயே இருந்தது.

ஏன் இவ்வளவு நெரிசல்?

தொழிற்சாலைகள் பெருகப் பெருக இத்தாலி, ரஷ்யா, போலந்து, அயர்லாந்து என்று எல்லாப் பக்கமிருந்தும் மக்கள் வந்து இறங்கினார்கள். கூலி குறைவு. தினமும் வண்டிக்குக் காசு கொடுக்க முடியாது. எனவே வேலைக்கு நடந்து போகும் தூரத்திலேயே குடியிருக்க வேண்டிய கட்டாயம்.

இதில் வீட்டு உரிமையாளர்களுக்குக் கொள்ளை லாபம். 25 அடி அகலம், 100 அடி நீளம் உள்ள மனையில் ஐந்து, ஆறு மாடி எழுப்பி, மாடிக்கு நான்கு குடும்பம் என்று அடைத்தார்கள். இவைதான் 'டெனமென்ட்'. நம்ம ஊர் பாஷையில் ஒண்டுக்குடித்தனம். உள் அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. கழிப்பறை பின்கட்டில், அத்தனை பேருக்கும் பொது. பல வீடுகள் ஒர்க் ஷாப்பாகவும் இருந்தன: அப்பா, அம்மா, குழந்தைகள் எல்லோரும் உட்கார்ந்து சுருட்டு சுற்றுவார்கள், கால்சட்டை தைப்பார்கள். காசநோயும் காலராவும் பரவ இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1879-ல் ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் கட்டாயம் என்றது ஒரு சட்டம். கட்டியவர்கள் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே குறுகலான ஒரு காற்றுக் குழியை விட்டு, அதைப் பார்த்து ஜன்னல் வைத்தார்கள். சட்டம் நிறைவேறியது, காற்று வரவில்லை. மேல் மாடிக்காரர்கள் அதில் குப்பையைக் கொட்டினார்கள். தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கி.

பொடி வெடித்தது, படம் பேசியது

இதைப் பற்றி ரீஸ் எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் அசையவில்லை. படத்தோடு காட்டலாம் என்றால், இருட்டு அறையில் கேமரா வேலை செய்யாது. 1887-ல் ஜெர்மனியில் மெக்னீசியம் பொடியை வெடித்து வெளிச்சம் உண்டாக்கும் முறை வந்திருப்பதாகப் படித்தார். அவ்வளவுதான். அமெச்சூர் போட்டோகிராபர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ராத்திரியாகக் கிளம்பினார். சில படங்களை அவர்களே எடுத்தார்கள். பிறகு ரீஸ் சொந்தமாக ஒரு கேமரா வாங்கிக்கொண்டார்.

முதலில் பொடியைத் துப்பாக்கி போன்ற கருவியில் வைத்து வெடித்தார்கள். மக்கள் மிரண்டு ஓடவே, வாணலியில் வைத்துக் கொளுத்த ஆரம்பித்தார். கண் தெரியாத சிலர் தங்கியிருந்த ஒரு மேல்மாடி அறையில் சுவரே பற்றிக்கொண்டது. அதை அவரே அணைத்தார்.

இந்தப் படங்களைத் திரையில் காட்டி ஊர் ஊராகப் பேசினார். 1890-ல் புத்தகமாக்கினார். நகரத்தின் மறுபாதி எப்படி வாழ்கிறது என்பதுதான் அதன் தலைப்பும் பொருளும். லோயர் ஈஸ்ட் சைடில் சதுர மைலுக்கு 3.3 லட்சம் பேர் வரை நெருக்கியடித்து வாழ்வதாக அதில் கணக்குக் கொடுத்தார்.

என்ன மாறியது?

புத்தகத்தைப் படித்துவிட்டு, உதவ வந்திருப்பதாக எழுதிய கார்டை ஒருவர் ரீஸின் ஆபீஸில் வைத்துவிட்டுப் போனார். பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட். 1895-ல் அவர் நகரப் போலீஸ் நிர்வாகக் குழுவின் தலைவரானபோது இருவரும் சேர்ந்தே ராத்திரி ரோந்து போனார்கள். சர்ச் தெரு ஸ்டேஷனுக்கும் ரீஸ் அவரைக் கூட்டிப்போனார். 1896-ல் போலீஸ் ஸ்டேஷன் தங்குமிடங்கள் எல்லாம் மூடப்பட்டன.

மல்பெரி பென்ட் இடிக்கப்பட்டு, 1897-ல் அங்கே பூங்கா திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு ரீஸுக்கு அழைப்பே இல்லை! 1901-ல் புதிய டெனமென்ட் சட்டம் வந்தது. புதுக் கட்டிடங்களில் வெளிச்சத்துக்கான திறந்த முற்றம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பறை கட்டாயம். கண்காணிக்கத் தனித் துறையும் உருவானது. சட்டத்தை வடிவமைத்ததில் பெரும் பங்கு லாரன்ஸ் வீலருடையது. அதற்கான மக்கள் ஆதரவைத் திரட்டியதில் ரீஸின் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

விமர்சனம் என்ன?

தூங்குகிறவர்களை அனுமதி கேட்காமல் படம் எடுத்தது சரியா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. அவர் படங்களில் இருக்கும் பெரும்பாலானோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. சீனர்கள், யூதர்கள், இத்தாலியர்கள் பற்றி அவர் எழுதியவற்றில் அப்பட்டமான இன வெறுப்பு தெரியும். இத்தனைக்கும் அவரே வந்தேறிதான்.

இன்னொன்று: இடித்த பிறகு அங்கிருந்தவர்கள் எங்கே போவார்கள்? அரசே வீடு கட்டித் தர வேண்டும் என்று ரீஸ் கேட்கவில்லை. குறைந்த லாபத்துக்குத் திருப்திப்படும் நல்ல முதலாளிகள் கட்டுவார்கள் என்று நம்பினார். அப்படிப் போதுமான வீடுகள் வரவில்லை. நியூயார்க்கின் முதல் அரசுக் குடியிருப்பு லோயர் ஈஸ்ட் சைடில் திறக்கப்பட்டது 1935-ல்தான். அதைப் பார்க்க ரீஸ் இல்லை. 1914 மே 26-ல் மாசசூசெட்ஸில் இருந்த தன் பண்ணையில் இறந்திருந்தார்.

அவர் படங்களின் கண்ணாடி நெகட்டிவ்கள் 1940-களில் மீட்கப்பட்டு, நியூயார்க் நகர அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. மல்பெரி பென்ட் இருந்த இடத்தில் அந்தப் பூங்கா இன்றும் இருக்கிறது, கொலம்பஸ் பார்க் என்ற பெயரில். இப்போது அது சைனாடவுன். காலையில் போனால், ரீஸ் ஏளனமாக எழுதிய அதே சீனச் சமூகத்தின் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள்.