கரும்பின் குலம் தேடிய ஜானகி அம்மாள்

கரும்பு இல்லாமல் நமக்குப் பொங்கல் இல்லை. பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தையையும் மோகனூர் சர்க்கரை ஆலையையும் அறியாதவர் நம் பகுதியில் மிகச் சிலரே. எனினும், இக்கரும்பின் பாட்டன், பூட்டன் யார் என்று வினவினால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? அவ்விடையைத் தேடிய பெருமக்களுள் ஒருவர் பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை தருவதாகும். அவர்தான் தாவரவியல் மேதை ஈ. கே. ஜானகி அம்மாள்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் கேரளத்துத் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதிபதி, செடிகொடிகளில் மிகுந்த ஈடுபாடு உடையவர். நம்மைப் போலவே அம்மையாரும் கன்னியர் மடப் பள்ளி மாணவிதான். தலைச்சேரி திரு இருதயக் கன்னியர் மடத்தில் பயின்றார். பெண்களுக்கு இளமையிலேயே மணம் முடித்துவிடும் காலம் அது. அவரோ கல்வியைத் தேர்ந்தெடுத்தார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-இல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பு மிகுந்த கரும்பு நோய்க்கு எளிதில் இரையாகும். ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணலோ எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து புது வகைகளை உண்டாக்கும் பணி அங்கு முன்பே தொடங்கியிருந்தது. உருவத்தில் வேறான இவை எவ்வகையில் உறவு? அம்மையார் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, செல்களில் உள்ள குரோமோசோம்களைப் பொறுமையாக எண்ணினார். இனிப்புக் கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்திற்கு இடம் மாறி, 40 முதல் 128 வரை உண்டு என்பது இன்று தெரிந்த கணக்கு. நாணல் பரவியிருக்கும் இடங்களையும் ஆராய்ந்து, அதன் தாயகம் இந்தியாவே என்று நிறுவ அம்மையார் உதவினார். கரும்பை மக்காச்சோளத்துடன் கலந்தும் காட்டினார்.

ஆனால், தனித்து வாழும் பெண் என்பதாலும் சாதியாலும் அவர் பட்ட இடர்கள் பல. கரும்பின் குலத்தை ஆராய்ந்தவரிடமே குலம் பார்த்தது உலகம்! 1939-இல் மாநாடு ஒன்றிற்காக எடின்பரோ சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். குண்டுகள் விழுந்த நாட்களிலும் ஆய்வை விடவில்லை. டார்லிங்டன் என்ற அறிஞருடன் இணைந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் பெருநூல் வெளியிட்டார். நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984 பிப்ரவரியில், தமது 86-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய தேடல் அத்துடன் நின்றுவிடவில்லை. இன்று அறிஞர்கள் செடியின் டி.என்.ஏ.வில் உள்ள நான்கு எழுத்துகளைப் படிக்கிறார்கள். தலைமுறைதோறும் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் சேரும். இரு செடிகளிடையே வேறுபாடு மிகுந்தால், அவை பிரிந்த காலம் பொதுவாகத் தொலைவானது. ஆனால் ஒரே பிழை இரு கிளைகளில் தற்செயலாகவும் நேரலாம். மேலும், பத்தே இனங்களுக்கு வரையக்கூடிய வம்ச மரங்கள் 3 கோடியே 44 லட்சத்திற்கும் மேல்! எதை ஏற்பது? இங்கேதான் புள்ளியியல் துணை நிற்கிறது. ஒரு மரம் உண்மையானால், நாம் காணும் எழுத்துகள் அமைய எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணிப்பொறி கணக்கிடும். வாய்ப்பு மிகுந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கும். பின்னர் எழுத்துகளிலிருந்து மாதிரிகளை மீண்டும் மீண்டும் எடுத்து மரம் வரைந்து பார்ப்பார்கள். திரும்பத் திரும்பத் தோன்றும் கிளையையே நம்புவார்கள்.

2022-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 102 நாணல் மாதிரிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். நாணலின் பிறப்பிடம் வட இந்தியா என்றே அதுவும் கூறிற்று. அம்மையாரின் உழைப்பு வீண்போகவில்லை.

அன்புத் தோழியரே! தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யாமல், எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து உண்மையை ஏற்றவர் ஜானகி அம்மாள். அடுத்த பொங்கலில் கரும்பைக் கடிக்கும்போது அவரையும் நன்றியுடன் நினைப்போம். அவர் வழியில் நாமும் கற்போம்.