தன் தோட்டாவைத் தானே பழசாக்கியவர்!

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில், ஆக்டன் என்று ஓர் ஊர். அங்கே ஜானதன் பிரௌனிங் என்பவர் துப்பாக்கிப் பட்டறை நடத்தி வந்தார். அவருக்கு மூன்று மனைவிகள், 22 குழந்தைகள்! அவர்களில் ஒருவர்தான் ஜான் மோசஸ் பிரௌனிங். பிறந்த ஆண்டு 1855.

பத்து வயதில், பட்டறைக் குப்பையில் கிடந்த உடைந்த குழலை எடுத்துத் துப்பாக்கி செய்தான் சிறுவன். அதைக் கொண்டு பறவையும் சுட்டு வந்தான். தந்தை மெச்சவில்லை. இந்த வயதில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார்!

1889ஆம் ஆண்டு. துப்பாக்கி சுடும்போது குழல் முனையில் பீறிட்ட காற்று எதிரே இருந்த புல்லைச் சாய்ப்பதைப் பிரௌனிங் கண்டார். வீணாகும் இந்தச் சக்தியே துப்பாக்கியை இயக்கினால் என்ன? அன்று முதல் அதே நினைவு.

சட்டைப்பைத் துப்பாக்கி

1899ல் பெல்ஜியத்தில், லீஜ் நகரை அடுத்த எப்.என். ஆலையில் அவருடைய கைத்துப்பாக்கி தயாராயிற்று. அதற்கென்றே அவர் அமைத்த தோட்டா 7.65 மில்லி மீட்டர். அமெரிக்காவில் அதற்கு .32 என்று பெயர். ரவையின் எடை ஏறக்குறைய நாலரை கிராம்தான்.

சிறிய தோட்டா, ஆகவே உதையும் குறைவு. குழலைப் பூட்டி வைக்கும் சிக்கலான பாகங்கள் தேவையில்லை. கனமான மேல்மூடியும் ஸ்பிரிங்கும் போதும். சுட்டதும் மூடி பின்னே ஓடும். வெற்று உறை வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் மூடியை முன்னே தள்ளும். அடுத்த தோட்டா குழலில் ஏறிவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்!

1914க்குள் எப்.என். ஆலை செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் பத்து லட்சம். பிரெஞ்சு மொழியில் கைத்துப்பாக்கிக்கே பிரௌனிங் என்று பேர் வந்துவிட்டது. பல நாட்டுப் போலீசாரின் இடுப்பில் 7.65 ஏறியது.

அதே 1914ல், சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றதும் பிரௌனிங் அமைத்த துப்பாக்கிதான். அதிலிருந்தது வேறு தோட்டா. அதுவும் அவருடையதே!

கடைசி வேலை

சின்ன ரவைக்கு எதிரியைத் தடுத்து நிறுத்தும் பலம் போதாது என்ற குறை மட்டும் இருந்துகொண்டே இருந்தது. ஜெர்மனியில் ஜார்ஜ் லூகர் 1902ல் அமைத்த 9 மில்லி மீட்டர் தோட்டாவில் ரவை எட்டு கிராம், வேகமும் அதிகம்.

பிரெஞ்சு ராணுவம் நிறையத் தோட்டா கொள்ளும் கைத்துப்பாக்கி கேட்டது. முதுமையில் பிரௌனிங் அந்த வேலையில் இறங்கினார். அதற்கு எடுத்துக்கொண்டது தம் தோட்டாவை அல்ல, லூகரின் தோட்டாவை! தொழிலில் அவருக்குத் தன்மானம் குறுக்கே வந்ததில்லை.

அது முடிவதைக் காண அவர் இல்லை. 1926 நவம்பர் 26ந் தேதி, அதே எப்.என். ஆலையில், மகனுடைய அறையில் மாரடைப்பால் இறந்தார். வயது 71.

மீதி வேலையை ஆலையின் நிபுணர் சேவ் முடித்தார். 1935ல் வெளிவந்த அந்தத் துப்பாக்கி 13 தோட்டா கொண்டது. பல நாட்டு ராணுவங்கள் அதை ஏற்றன. லூகரின் தோட்டா மேலும் பரவியது. 1970களில் மேற்கு ஜெர்மனிப் போலீசார் 7.65ஐக் கைவிட்டு 9க்கு மாறினார்கள். பின்னாளில் சட்டைப்பையில் அடங்கும் 9 மில்லி மீட்டர் துப்பாக்கிகளும் வந்துவிட்டன. பழைய தோட்டாவுக்கு இருந்த ஒரே சலுகையும் போயிற்று.

இந்தியாவில் கதை வேறு. இங்கே 9 மில்லி மீட்டர் பொதுமக்களுக்குத் தடை. அதனால் உரிமம் பெற்றவர்களுக்காக அரசு ஆலையிலேயே .32 கைத்துப்பாக்கி தயாராகிறது.