இரு நாட்டு நோட்டில் ஒரே கையெழுத்து!

வீட்டில் பத்து ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு கையெழுத்து இருக்கும். அது ரிசர்வ் வங்கி கவர்னருடையது. (மாநில கவர்னர் வேறு, இவர் வேறு, குழப்பிக் கொள்ளாதீர்கள்!) 1935, ஏப்ரல் 1ல் தொடங்கிய இந்த வங்கியின் முதல் இரண்டு கவர்னர்களும் வெள்ளையர்கள். மூன்றாவதாக வந்தவரே முதல் இந்தியர். அவர்தான் சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக்.

மகாராஷ்டிராவில், ராய்கட் கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில், 1896, ஜனவரி 14ல் பிறந்தார். தந்தை வக்கீல். 1912ல் மெட்ரிகுலேஷன் தேர்வில், பம்பாய் பல்கலைக் கழகத்திலேயே முதலிடம் பெற்றார். இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் அவர் படித்தது என்ன தெரியுமா? பொருளாதாரம் இல்லை; தாவரவியல், வேதியியல், நிலவியல்! 1918ல் ஐ.சி.எஸ்., தேர்விலும் முதலிடம். மத்திய மாகாண அரசின் நிதித்துறையில் வேலை பார்த்துத்தான் பண விவகாரம் கற்றார்.

1939ல் ரிசர்வ் வங்கிக்கு வந்தவர், 1943, ஆகஸ்ட் 11ல் கவர்னரானார். எப்படிப்பட்ட நேரம் அது! உலகப் போர் ஒரு பக்கம். வங்காளத்தில் லட்சக்கணக்கானோரைப் பலி வாங்கிய பஞ்சம் மறுபக்கம். போருக்காக பிரிட்டன் இங்கே பொருள்களை வாங்கிக் குவித்தது. ஆனால், கையில் காசு தரவில்லை. லண்டனில் கடன் கணக்கு எழுதி வைத்தது. அந்தக் கணக்கைக் காட்டி இங்கே நோட்டு அச்சடித்தனர். கடையில் சரக்கு குறைவு, கையில் நோட்டு அதிகம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

1944ல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடின. உலக வங்கி உருவாக வழி செய்த மாநாடு அது. அங்கு சென்ற இந்தியக் குழுவில் தேஷ்முக்கும் இருந்தார். அந்தக் கடன் பாக்கிக்கு வழி கேட்டு, நம்மவர்கள் வாதாடினர். அன்று பலன் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தது பிரிவினை. 1947ல் தனி நாடான பாகிஸ்தானுக்கு, சொந்தமாக மத்திய வங்கி இல்லை. காஷ்மீரில் இரு நாடுகளும் சண்டை போட்ட நேரத்திலும், இரண்டுக்கும் ரிசர்வ் வங்கிதான் பொது! எவ்வளவு தர்மசங்கடம், பாருங்கள். 1948ல், இந்திய நோட்டுகளிலேயே பாகிஸ்தான் அரசு என்று கூடுதலாக அச்சிட்டு அங்கே புழக்கத்தில் விட்டனர். அவற்றிலும் தேஷ்முக்கின் கையெழுத்து! அந்த ஆண்டு ஜூலை 1ல்தான் பாகிஸ்தானுக்குத் தனி வங்கி அமைந்தது.

அதுவரை பங்குதாரர்களிடம் இருந்த ரிசர்வ் வங்கி, 1949, ஜனவரி 1ல் அரசுடைமை ஆனது. அந்த ஆண்டே தேஷ்முக் பதவிக்காலம் முடிந்தது. 1950ல் நேரு அவரை நிதியமைச்சர் ஆக்கினார். 1956ல், பம்பாய் நகரை மகாராஷ்டிராவிலிருந்து பிரித்து, மத்திய அரசின் நேரடி ஆட்சியில் வைக்க முடிவானது. தேஷ்முக் அதை ஏற்கவில்லை, பதவியை உதறினார். 1960ல் அதே பம்பாய், மகாராஷ்டிராவின் தலைநகரானது.

அவரது மனைவி துர்காபாய், நம் சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கியவர். 1982, அக்டோபர் 2ல் தேஷ்முக் காலமானார்.

உங்கள் ஊரில் பழைய நோட்டு சேர்ப்பவர் யாராவது இருந்தால், ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட நோட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். சிலவற்றில் அவர் கையெழுத்தைப் பார்க்கலாம்.