தாய்நாடு காணாத தமிழ்மகள்

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலை வழியே சென்றவர்கள் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் பெரிய கட்டிடத்தைப் பார்த்திருப்பார்கள். அதற்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். நம் காஞ்சித் தறிகளில் நெய்த பட்டுச் சேலைகள் பல, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அந்நிறுவனத்தின் கடைகளுக்குச் சென்று சேர்கின்றன. வீட்டில் தறிச் சத்தம் கேட்டுக் கண் விழிக்கும் நம்மில் பலருக்கு அந்தப் பெயர் காதில் விழுந்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவள் நம் வயதுப் பெண் என்பதை எத்தனை பேர் அறிவோம்? பதினாறு வயதில் மறைந்தவள் அவள். நம் தோழி போன்றவள் என்பதால் "அவர்" என்று எழுதாமல் "அவள்" என்றே எழுதுகிறோம். பெரியோர் பொறுத்தருள்க.

வள்ளியம்மை 1898ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில், தங்கச் சுரங்கங்களால் வளர்ந்த ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தாள். தந்தை முனுசாமி முதலியார் அங்கே கடை வைத்திருந்தார். தாயார் பெயர் மங்களம். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி என்னும் சிற்றூரே குடும்பத்தின் பூர்வீகம்.

தில்லையாடி எங்கே, ஜோகன்னஸ்பர்க் எங்கே? இவ்வளவு தூரம் தமிழர் ஏன் போனார்கள் என்று கேட்டால், கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் 342 பேர் இருந்தனர். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். இந்துக்கள், முஸ்லிம்கள், நம் கிறிஸ்தவ மக்களும்கூட. நவம்பர் 16ஆம் நாள் அவர்கள் நேட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தில் இறங்கினர். ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், ஊர், உடலிலுள்ள மச்சம் முதலியவற்றைப் பெரிய ஏட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அந்த ஏடுகளில் வட ஆற்காடும் செங்கல்பட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. செங்கல்பட்டு என்றால் அந்நாளில் நம் காஞ்சிபுரமும் அடங்கிய மாவட்டம் அல்லவா? தாது வருஷப் பஞ்சத்தில் வயிறு காய்ந்தவர்களிடம் ஆள்சேர்க்கும் தரகர்கள் என்ன சொல்லி அழைத்திருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஏரித்தண்ணீர் தவிர வேறு நீரைக் கண்டிராத குடும்பங்கள் வாரக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு போயின. அவர்களுக்குப் பின்னால், கடை வைத்துப் பிழைக்கலாம் என்று வேறு பலரும் போனார்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் அங்கேயே காய்கறி பயிரிட்டும் சிறுகடை வைத்தும் தலையெடுத்தபோது, வெள்ளைக்காரக் குடியேற்றக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1895ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்து நேட்டாலிலேயே தங்குகிறவர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். கட்ட முடியாதா, மறுபடியும் கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வை, அல்லது கப்பலேறு என்பதே அதன் உட்பொருள். சில ஆண்டுகளில் இந்த வரி பிள்ளைகள் மீதும் விழுந்தது. பையனுக்குப் பதினாறு வயது, பெண்ணுக்குப் பதின்மூன்று வயது ஆனால் போதும்.

பவுன் என்றதும் நம் தாய்மாருக்கு நகைக்கடைதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வதும் அந்த ஆங்கிலப் பவுனைத்தான். இருபது ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தகப்பனார், தாயார், பதினாறு வயது மகன், பதின்மூன்று வயது மகள் என்று நால்வர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் வரி. மாதம் பதினான்கு ஷில்லிங் கூலி வாங்கும் தகப்பனார் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் எட்டரைப் பவுன்கூடச் சேராது. நம் எட்டாம் வகுப்புத் தங்கைகள் இந்தக் கணக்கைத் தங்கள் பெயரை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

இவ்வரி நேட்டாலில் உள்ளவர்களுக்கு உரியது. வள்ளியம்மையின் குடும்பமோ டிரான்ஸ்வால் பகுதியில் கடை வைத்து வாழ்ந்தது. அவள் ஒரு ஷில்லிங்கும் கட்ட வேண்டியதில்லை. இதை மறந்துவிட்டு அவள் வரலாற்றைப் படித்தால் பாதிதான் படித்ததாகும்.

1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் மற்றோர் இடி விழுந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத, பதிவாளர் முன் பதியப்படாத திருமணங்கள் சட்டப்படி செல்லா என்று கேப் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாலி கட்டி வாழ்ந்த மனைவியர் ஒரே நாளில் மனைவியர் அல்லர் என்றாயினர். அதுவரை ஆண்களே சிறை சென்ற காந்தியடிகளின் அறப்போரில் பெண்களும் இறங்கினர். அக்டோபரில் தம்பி நாயுடுவின் மனைவியார் உள்ளிட்ட பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார்கள். மூன்று பவுன் வரியின் கொடுமையைத் தொழிலாளருக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொன்னார்கள். சிலர் கையில் குழந்தை இருந்தது. சுரங்கங்கள் நின்றன, ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியேறினர். அப்பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

அடுத்துச் சென்ற அணியில் மங்களம் அம்மையார் இருந்தார். மகளும் உடன் சென்றாள். ஊர் ஊராகச் சென்று வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு திரட்டினார்கள். 1913 டிசம்பர் 22ஆம் நாள் வள்ளியம்மைக்கும் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் இருந்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் பெண்களுக்குத் துணி வெளுக்கும் வேலை. உணவோ வாயில் வைக்க முடியாதது. வெளியிலிருந்து உணவு வரவும் அனுமதியில்லை. சிறைக்குள் நுழைந்த சில நாட்களிலேயே வள்ளியம்மையைக் காய்ச்சல் பற்றியது. தண்டனைக் காலம் முடியுமுன்பே விடுதலை செய்வதாக அதிகாரிகள் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். அந்தக் காய்ச்சலோடு கிடந்த மகளின் பக்கத்தில் இருந்த தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்த அம்மையாரைப் பற்றி யாரும் அதிகம் எழுதக் காணோம். அது நமக்குக் குறையாகவே படுகிறது.

வெளியே வந்தபோது நல்ல உயரமான அந்தப் பெண் எலும்பும் தோலுமாக இருந்தாள். கம்பளியில் கிடத்தி மெல்லத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. காந்தியடிகள் அவள் படுக்கையருகே வந்தார். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று கேட்டார். வருத்தமில்லை, இப்போதும் மறுபடி போகத் தயார் என்றாள். அதனால் உயிரே போனாலுமா என்று கேட்டதற்கும், தாய்நாட்டுக்காக அதற்கு அஞ்சேன் என்னும் கருத்தில் விடை சொன்னாள். பிற்காலத்தில் காந்தியடிகளே இதைத் தம் நூலில் எழுதி வைத்தார். அவளைப் பற்றி மேடைகளில் வேறு பல கதைகளும் சொல்லப்படுவதுண்டு. இந்த ஒன்றே நமக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

1914 பிப்ரவரி 22ஆம் நாள் அவள் கண் மூடினாள். அதுவே அவளுடைய பிறந்த நாளும் என்பர். அவ்வாண்டின் நடுவில் புதிய சட்டம் நிறைவேறி, மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்தியர் திருமணங்களும் செல்லுபடியாயின. அவள் அதைப் பார்க்கவில்லை.

ஜூலை 15ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் பிராம்பான்டைன் கல்லறைத் தோட்டத்தில், அவளுக்கும், 1909இல் சிறைக்கொடுமையால் இறந்த இளைஞன் நாகப்பனுக்கும் நினைவுக்கற்களைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். மூன்று நாள் கழித்து அவர் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவை விட்டே புறப்பட்டார். வள்ளியம்மை பெயரால் அங்கே ஒரு மண்டபம் கட்டத் தீர்மானித்திருந்தார்கள். பல ஆண்டுகள் சென்றும் அது எழவில்லை என்று அவர் வருந்தி எழுதினார். நம் நாட்டில் தில்லையாடியில் அவளுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அவள் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

1915ஆம் ஆண்டு, தாயகம் திரும்பிய சில மாதங்களிலேயே காந்தியடிகள் தரங்கம்பாடிப் பக்கம் வந்து தில்லையாடியையும் கண்டார். வள்ளியம்மை அவ்வூர் மண்ணை ஒரு நாளும் மிதித்ததில்லை. ஆயினும் அவ்வூரைச் சொல்லாமல் அவள் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.