இலக்கணம் வகுத்த கண் வைத்தியர்

இலக்கியம் முந்தியது, இலக்கணம் அதன் வழிப் பிறப்பது என்று மாணாக்கர்க்குப் பல்லாண்டாகக் கற்பித்து வருபவன் யான். இம்முறை தலைகீழாய் நிகழ்ந்த மொழியும் உலகில் ஒன்றுண்டு. முதலில் இலக்கணம் அச்சேறியது. பேசுவோரும் எழுதுவோரும் பின்னரே தோன்றினர். அதுவே எசுப்பெராந்தோ. அதனை ஆக்கிய லுட்விக் சாமன்ஹோவ் என்பார் வாழ்க்கை, நூற்பாவையும் வழக்கையும் எடைபோட்டுப் பார்க்கும் நம்மனோர்க்குப் பெரிதும் சுவை பயப்பதாகும்.

அவர் 1859 ஆம் ஆண்டு திசெம்பர் 15 ஆம் நாள், அந்நாளில் உருசிய ஆட்சியிலிருந்ததும் இந்நாளிற் போலந்தைச் சேர்ந்ததுமாகிய பியாலிஸ்டோக் நகரில் யூதக் குடியொன்றிற் பிறந்தார். தந்தையார் மொழியாசிரியர். உருசியர், போலந்தியர், ஜேர்மானியர், யூதர் என நான்கு இனத்தார் ஒரு தெருவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் வெறுத்தமை சிறுவரின் உள்ளத்தை வருத்தியது. அனைவர்க்கும் பொதுவாகவும் எவர்க்கும் தனியுரிமை அற்றதாகவும் ஒரு மொழி வேண்டுமென எண்ணினார்.

வார்சோவிற் பள்ளி மாணவராயிருந்தபோது, கடைத்தெருவிற் கண்ட இரு பெயர்ப்பலகைகள் அவருக்கு வழி காட்டின. ஒன்று வாயில்காப்போன் அறையைக் குறித்தது. மற்றது இனிப்புப் பண்டக் கடையைக் குறித்தது. இரண்டும் ஒரே விகுதியால் முடிந்தன. விகுதிகளைச் செவ்வனே பயன்படுத்தின் ஒரு பகுதியிலிருந்து பல சொற்களை ஆக்கலாம் என்பது அப்போது அவர்க்குத் தெளிவாயிற்று. அகராதிச் சுமை குறைந்தது.

பின்னர் மொஸ்கோவிலும் வார்சோவிலும் மருத்துவம் பயின்று கண் வைத்தியரானார். தம் மொழியை உடனே வெளியிட்டாரல்லர். ஆறாண்டுகள் அதில் மொழிபெயர்த்தும் புதிதாய் எழுதியும் சோதித்தார். ஏட்டில் நிறைவாய்த் தோன்றிய பல, எழுதுங்கால் இடறின, அவற்றை நீக்கினார். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விட்டு அம்மொழியிலேயே சிந்திக்கத் தொடங்கிய பின்னரே அதற்கு உயிர் வந்தது. 1887 இல், மணமகளாகவிருந்த கிளாராவின் தந்தையார் பொருளுதவ, முதல் நூல் வெளிவந்தது. நம்பிக்கையுடையோன் எனப் பொருள்படும் புனைபெயரையே தம் பெயராக இட்டார். அப்பெயரே மொழிக்கும் ஆயிற்று.

நூலில் இருந்த விதிகள் பதினாறே. பதினாறு விதிகளால் ஒரு மொழி நடக்குமா? நடந்தது, ஆனால் விதி வாய்திறவாத இடங்கள் பல. பெயர்ச்சொல் ஓகாரத்தாலும் வினையெச்சம் இகரத்தாலும் முடியும் என்பது விதி. ப்ரோசோ என்பது தூரிகை. ப்ரோசி என்பது அதனால் துடைத்தல். கோம்பி என்பது தலைசீவுதல். ஆயின் கோம்போ என்பது சீப்பன்று, சீவுதற்றொழிலே. சீப்பென்னும் கருவிக்குக் கோம்பிலோ என விகுதி வேண்டும். இவ்வேற்றுமைக்குப் பதினாறு விதிகளுள் ஒன்றும் காரணம் கூறவில்லை. பயின்றோர் உணர்வே வழிகாட்டிற்று. (தமிழிற் பூட்டு என்பது தொழிலுக்கும் கருவிக்கும் பொதுவாய் நிற்க, சீவு என்பது சீப்பாகத் திரிவதையும் ஈண்டு நினைத்துக்கொள்க.)

இதனைப் பொறாதவர் பிரான்சியத் தத்துவ அறிஞர் லூயி கூத்துரா. சொல்லாக்கம் முழுவதும் தருக்க நெறிப்படி அமையவேண்டும் என்றார். 1907 இல் அக்கருத்தினர் பிரிந்து இடோ என்னும் மொழியை அமைத்தனர். சாமன்ஹோவ் உடன்படவில்லை. இவரைப் பிடிவாதக்காரர் என்போர் 1894 ஆம் ஆண்டை மறந்தவராவர். அப்போது அவரே திருத்தங்களை முன்வைத்து வாக்குக் கேட்டார்; 264 பேருள் 157 பேர் எதனையும் மாற்றவேண்டாமென்றனர்; அவர் பணிந்தார். 1905 இற் பிரான்சு நாட்டுப் பூலோன் மகாநாட்டில், பதினாறு விதிகளும் பயிற்சி வாக்கியங்களும் சொற்றொகுதியும் சேர்ந்த அடிப்படை நூல் மாற்றலாகாததென ஏற்கப்பட்டது. பிழையெனத் தோன்றுவதும் அதில் அவ்வாறே நிற்கவேண்டுமென்பது அவர் கொள்கை. எஞ்சியதை நல்லெழுத்தாளர் வழக்குக்கு விட்டார். ஐயம் வினவியோர்க்கு விடையளித்தாராயினும், தம் விடையைச் சட்டமாக்கினாரல்லர். தருக்கத்தை மட்டும் நம்பியவன் திருத்திக்கொண்டேயிருப்பான் என்பதை அவர் தம் ஆறாண்டுச் சோதனையில் அறிந்திருந்தார் என்றே கருதுகின்றேன்.

பகலில் வார்சோவின் ஏழை யூதர்க்குக் கண் மருத்துவம், இரவில் எழுத்துப்பணி. பழைய ஏற்பாட்டை முழுதும் பெயர்த்தார். 1917 ஏப்பிரில் 14 இல், ஜேர்மன் படை வார்சோவைக் கைக்கொண்டிருந்த காலத்தில் மறைந்தார். அவர் மக்கள் மூவரும் இரண்டாம் உலகப்போரில் நாசிகளாற் கொல்லப்பட்டனர்.

அவர் மறைந்த பின்னும் ஒரு வழக்குத் தீராதிருந்தது. பிறந்தேன் என்பதற்குச் செயப்பாட்டு வினையில் எந்த எச்ச விகுதியை இடுவது? காலத்தைக் காட்டுவதா, வினை முற்றியதைக் காட்டுவதா? விதியில் விடையில்லை, அவரவர் தாய்மொழிப் பழக்கம் அவரவரை ஈர்த்தது. 1967 இல் எசுப்பெராந்தோக் கழகம் தீர்ப்பளித்தது. அதற்கு ஆதாரமானவை சாமன்ஹோவ் தாம் இயல்பாக எழுதிச் சென்ற வாக்கியங்கள்.